பற்று, வரவு, ரிவால்வர்

பி.காம். படித்தவனுக்கு நியூட்டன் அந்நியர் அல்ல. ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவு உண்டு என்று நாங்கள் பேரேட்டில் எழுதுவதைத்தான் அவர் 1687-ல் 'ஒவ்வொரு வினைக்கும் சமமான எதிர்வினை' என்று எழுதிவைத்தார். அவருக்கு ஆடிட்டர் தொல்லை மட்டும் கிடையாது.

இந்தக் கணக்கை டபாய்ப்பது சினிமா ஹீரோதான். அவர் சுடுவது வெற்றுத் தோட்டா. குண்டு போனால்தானே கை உதை வாங்கும்? 1971-ல் 'டர்ட்டி ஹாரி'யில் கிளின்ட் ஈஸ்ட்வுட் கையில் .44 மேக்னம் ரிவால்வரைப் பார்த்துவிட்டு, கடைக்கு ஓடிய அமெரிக்கர்கள் அநேகம். நிஜத் தோட்டா போட்டுச் சுட்ட பிறகுதான் மணிக்கட்டு பேச ஆரம்பித்தது.

அதற்கும் அண்ணன் ஒன்றை ஸ்மித் அண்ட் வெஸன் 2003-ல் இறக்கியது. மாடல் 500. நீளக் குழல் மாடலின் எடை இரண்டு கிலோ. தோட்டா ஐந்துதான் கொள்ளும். சுமார் 22 கிராம் குண்டு விநாடிக்கு 600 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. பெருக்கி, வகுத்துப் பாருங்கள். அந்த இரண்டு கிலோ இரும்பு மணிக்கு 24 கிலோமீட்டர் வேகத்தில் உங்களை நோக்கித் திரும்ப வரும். குழல் கைக்கு மேலே இருப்பதால் மூக்கையும் தூக்கும்.

இதற்கு வைத்தியம்தான் 'மஸில் பிரேக்'. (ஜிம் ஞாபகம் வந்தால் நான் பொறுப்பல்ல. இந்த மஸில் துப்பாக்கியின் வாய்!) குழல் நுனியில் சில துளைகள். குண்டுக்குப் பின்னால் பாய்ந்து வரும் வாயு நேராகப் போகாமல் துளை வழியாகத் திரும்பும். பக்கவாட்டில் போனால் பின்னோக்கிய உதை குறையும். மேலே போனால் மூக்கு தூக்குவது அடங்கும்.

பிரமாதம்! எல்லா ரிவால்வரிலும் ஒன்று மாட்டிவிடலாமே?

அவசரப்படாதீர்கள். பிரேக் தள்ளுபடி தருவது வாயுவின் பங்குக்கு மட்டும். குண்டு கொடுத்த உதை அசல், பைசா குறையாது. ரைஃபிளில் மருந்தின் எடை குண்டின் எடையில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்கும். வாயு ஏராளம், தள்ளுபடியும் தாராளம். மாடல் 500-ல் சுமார் பத்தில் ஒரு பங்கு. பரவாயில்லை ரகம். சாதாரண .38 ஸ்பெஷலில் முப்பதில் ஒரு பங்கு. அதில் பிரேக் மாட்டுவது சைக்கிளுக்கு ஏர்பேக் வைப்பது மாதிரி. போதாக்குறைக்கு, ரிவால்வரில் சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே ஓர் இடுக்கு உண்டு. கொஞ்சம் வாயு அங்கேயே கமிஷன் அடித்துக்கொண்டு போய்விடும்.

சரி, கையிலிருந்து குறைந்தது எங்கே போயிற்று? காதுக்கு! முன்னால் போகவேண்டிய சத்தம் பக்கவாட்டில் திரும்புகிறது. காப்பில்லாத காதுக்கு 140 டெசிபல் வெடிச் சத்தமே ஆபத்து. கைத்துப்பாக்கி பிரேக் இல்லாமலே அதைத் தாண்டும்.

"பஞ்சு வெச்சுக்கிட்டாப் போச்சு" என்றார் என் நண்பர் ஒருவர். போகாது சார். பஞ்சு பல்லி சத்தத்துக்குக்கூடக் காணாது. ஒழுங்கான இயர் மஃப் வேண்டும். பக்கத்துத் தடத்தில் நின்று சுடுபவருக்கும் வேண்டும். அவர் பிரேக் வாங்கவில்லை, அவர் கை சுகப்படவும் இல்லை. ஆனாலும் பில்லில் பாதி அவர் தலையில்!

மணிக்கட்டு வலி நாலு நாளில் தைலத்துக்கு அடங்கும். உள்காதில் சத்தம் கேட்கிற நுண்ணிய மயிர்ச் செல்கள் செத்தால் செத்ததுதான், மறுபடி முளைக்காது.

உதை தாங்கவில்லையா? மருந்து குறைவான தோட்டா போடுங்கள். கனமான ரிவால்வர், நல்ல ரப்பர் பிடி, இரண்டு கைப் பிடிப்பு. இத்தனையும் சத்தமில்லாத வைத்தியம். அதன் பிறகும் மேக்னம்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால், பிரேக் மாட்டுங்கள். மாட்டுவதற்கு முன்னால் பக்கத்தில் நிற்பவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்... அவருக்குக் காது கேட்கும்போதே!