படத்தின் பூர்வீகம்

பழைய தஞ்சாவூர் ஓவியம் ஒன்று விலைக்கு வந்தால் நாம் முதலில் கேட்பது, "அசல்தானா?" அதற்கும் முன்னால் கேட்க வேண்டியது, இத்தனை நாள் இது யார் வீட்டுச் சுவரில் இருந்தது என்பது. கள்ளக்குறிச்சிக்காரர்களுக்கு இதை விளக்க வீரசோழபுரம் போதும். அங்குள்ள சிவன் கோயிலின் சுந்தரர், பரவை நாச்சியார் திருமேனி வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. அது அசல் என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அது எங்கிருந்து போனது என்பதைக் காட்டிக்கொடுத்தது, 1956-இல் அதே கோயிலில் எடுக்கப்பட்டு, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் இருந்த போட்டோ. சிலையைத் திருப்பித் தர அருங்காட்சியகம் ஒப்புக்கொண்டது.

ஓவியத்துக்கும் இதே கதை உண்டு. தஞ்சை சரஸ்வதி மகாலிலிருந்து களவுபோன, இரண்டாம் சரபோஜியும் மகன் சிவாஜியும் இருக்கும் படத்தை அமெரிக்காவின் பீபாடி எசெக்ஸ் அருங்காட்சியகம் 2006-இல் கலைப்பொருள் வியாபாரி சுபாஷ் கபூரிடம் 35,000 டாலருக்கு வாங்கியது. படம் அசல்; கூடவே வந்த பூர்வீகக் கதைதான் பொய். 2015-இல் படத்தை ஒப்படைத்துவிட்டார்கள். வண்ணமும் பாணியும் பார்த்துச் சொல்ல ஆட்களை வைத்திருக்கும் இடமே கோட்டைவிட்டிருக்கிறது.

பொருளைப் பார்த்தே சொல்லிவிட முடியாதா என்பார்கள். ஓரளவு முடியும். படத்தைத் திருப்பிப் பாருங்கள். பின்னால் பிளைவுட் தெரிந்தால் நூறு வருஷப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம். பலாப்பலகை, அதன்மேல் ஒட்டிய துணி, துருவேறிய ஆணி எல்லாம் நல்ல அறிகுறிகள்தாம். ஆனால் பழைய பலகையில் புதுப் படம் எழுதலாம், தங்க ரேக்கைப் புதிதாக ஒட்டலாம், சாம்பிராணிப் புகையில் கறுக்கவும் வைக்கலாம். கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கும் இது பொருந்தும்: 2021-இல் கிடைத்த புவிசார் குறியீடு ஊருக்குத்தான் சாட்சி, வயதுக்கு இல்லை.

பாட்டி காலத்துப் படத்துக்கு யார் ரசீது வைத்திருப்பார்கள் என்ற கேள்வி நியாயமானது. ரசீதே வேண்டும் என்பதில்லை. பின்னணியில் அந்தப் படம் தெரிகிற பழைய கல்யாண போட்டோ, பாகப்பிரிவினைப் பத்திரத்தில் ஒரு வரி, சட்டம் போட்ட கடையின் சீட்டு, இவற்றில் ஒன்று இருந்தாலும் பேசலாம். எதுவுமே இல்லாமல் "ஜமீன் வீட்டுச் சரக்கு, வெளிநாட்டில் லட்சக்கணக்கில் போகும்" என்பவரிடம் வாங்காதீர்கள். நூறாண்டு கடந்த ஓவியம் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள் வருகிறது. அதை விற்கும் வியாபாரிக்கு உரிமம் வேண்டும், தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்பவும் முடியாது. ஆகவே வெளிநாட்டு விலை உங்களுக்கான விலையே இல்லை.

உங்கள் வீட்டுப் பூஜையறையிலேயே பழைய படம் இருந்தால், முன்னும் பின்னும் போட்டோ எடுத்து, யார் காலத்தில் வந்தது என்று தேதியோடு எழுதி வையுங்கள்.