சூளைக்குள் நிகழ்வதை யார் கண்டார்?

"சாட்சியம் சொல்ல விரும்புவோர் மேடைக்கு வரலாம்" என்று நற்செய்திக் கூட்டங்களில் ஒலிபெருக்கி அழைக்கிறது. எழுந்து செல்வோர் யாவர்? தீராத நோய் தீர்ந்தவர், வராத கடன் வந்தவர், வெளிநாட்டு விசா கிடைத்தவர். அவர்களது நன்றியுணர்வை நாம் பழிக்கவில்லை. ஆயினும், "இன்று எட்டு மணி நேரம் களிமண் குழம்பை அச்சில் ஊற்றினேன்; இறைவன் என்னோடு உழைத்தார்" என்று சொல்ல ஒரு தொழிலாளியும் அம்மேடை ஏறியதை நாம் கண்டதில்லை. ஏறினால் கைதட்டுவோமா என்பதும் ஐயமே.

விருத்தாசலம் பீங்கான் நகர். இங்கே வெண்களிமண், குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார் ஆகியவற்றை நீரோடு அரைத்துக் குழம்பாக்கி, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சுகளில் ஊற்றுகிறார்கள். அச்சு நீரை உறிஞ்ச, அதன் சுவரோரம் மண் படிந்து பொம்மையாகிறது. காய்ந்தபின் சூளை ஏறுகிறது. ஏறத்தாழ 573 டிகிரி வெப்பத்தில் குவார்ட்ஸின் உள்ளமைப்பே மாறுகிறது. சூளை ஆறும்போது அதே வெப்பநிலையில் அது மீண்டும் பழைய நிலைக்குத் திரும்புகிறது. அவசரப்பட்டு ஆறவிட்டால் கீறல் விழும். ஆகவே சூளைக்காரர் காத்திருக்கிறார். கதவு மூடியிருப்பதால் உள்ளே ஒன்றும் நடக்கவில்லை என்று அவர் சொல்வதில்லை. நாமோ நவநாள் முடிந்த பத்தாம் நாளே, இறைவன் மௌனமாகிவிட்டார் எனப் புலம்புகிறோம்!

ஓய்வுநாளில் குணமளித்ததற்காகக் குற்றம் சாட்டப்பட்டபோது, தம் தந்தை இன்றுவரை செயலாற்றுகிறார், தாமும் அவ்வாறே செயலாற்றுவதாக இயேசு விடையளித்தார் (யோவான் 5). அதுவே ஒரு புதுமை நிகழ்ந்த வேளைதானே எனச் சிலர் கேட்கலாம். உண்மைதான். ஆனால் தந்தை அன்று மட்டும் செயலாற்றினார் என்று அவர் சொல்லவில்லை. அம்மனிதர் நோயுற்றிருந்த 38 ஆண்டுகளும் "இன்றுவரை" என்பதற்குள் அடக்கமே.

இன்னொரு வழக்கத்தையும் நாம் கண்டிக்க வேண்டும். குயவன் உவமையைக் காட்டி, "களிமண்ணாய்க் கிட, கேள்வி கேளாதே" என்று உழைப்பவருக்கு உபதேசிக்கிறோம். எரேமியா 18ஆம் அதிகாரத்தை முழுவதும் படித்தவர் இப்படிப் பேசமாட்டார். ஒரு நாடு தன் தீச்செயலை விட்டுத் திரும்பினால், தாம் அறிவித்த தண்டனையை ஆண்டவரும் விலக்கிக்கொள்வார் என்பதன்றோ அங்குள்ள செய்தி! வாயில்லா மண்ணிடம் யார் மனமாற்றம் கேட்பார்? ஈரமண் கெட்டாலும் மறுபடி வனையலாம் என்பது 18ஆம் அதிகாரம். சுட்ட சாடி உடைந்தால் ஒட்டாது என்பது அடுத்த அதிகாரம். இவ்வேறுபாட்டைப் பீங்கான் தொழிலாளிக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அவருக்கு வேறொன்று தேவை. உலர்ந்த குவார்ட்ஸ் தூள் காற்றில் பறந்து, சுவாசத்தோடு நுரையீரலில் படிகிறது. அதனால் வரும் சிலிக்கோசிஸ் நோயைத் தடுக்கலாம்; வந்தபின் குணமாக்க வழியில்லை. பத்தாண்டு கழித்து, இருமிக் களைத்தவரின் தலைமேல் கைவைத்துச் செபிக்க நாம் கூட்டம் கூட்டுவோம். இன்று பட்டறைத் தரையில் நீர் தெளிப்பதையும், தூசை வெளியேற்றும் விசிறி பொருத்துவதையும், தரமான முகக்கவசம் தருவதையும் இறைவனின் குணமளிக்கும் செயல் என்று சொல்ல மட்டும் நா எழவில்லை. பட்டறை முதலாளி ஞாயிறுதோறும் முன்வரிசையில் முழந்தாளிடுபவராயினும் இதைச் சொல்லத்தான் வேண்டும். நம்பிக்கைக்கும் அன்றாட வாழ்வுக்கும் இடையிலான பிளவை இக்காலத்தின் பெருந்தவறுகளுள் ஒன்றாக இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965ஆம் ஆண்டிலேயே எண்ணிவிட்டது. நாம் அத்தவறைப் பக்தி என்று பெயரிட்டு வளர்க்கிறோம்.

விருத்தாசலத்தை அடுத்த கோணாங்குப்பத்தில் பெரியநாயகி அன்னைக்கு ஆலயம் எழுப்பிய வீரமாமுனிவர், தாம் பாடிய தேம்பாவணிக்கு யாரைத் தலைவராகக் கொண்டார்? சூசையப்பரை. நற்செய்தி நூல்களில் ஒரு சொல்லும் பேசாதவர், ஒரு புதுமையும் செய்ததாகக் காணப்படாதவர், தச்சர். அவருக்கு 3,615 பாடல்கள்! 1955இல் பன்னிரண்டாம் பத்திநாதர் மே முதல் நாளைத் தொழிலாளரான சூசையப்பருக்குத் திருநாளாக்கினார். நம் பங்குகளில் அந்நாள் எப்படிக் கழிகிறது என்று வாசகர்களே எண்ணிப் பாருங்கள்.

காணிக்கைப் பவனியில் வாழைத்தாரும் பூசணியும் பழக்கூடையும் வருகின்றன. மனித உழைப்பின் பயன் என்று அங்கே அப்பத்தைப் போற்றுகிறோம். அப்பவனியில் தொழிலாளர் சுட்டெடுத்த பீங்கான் ஃபியூஸ் கட்டை ஒன்றையும் ஏந்தி வரலாமே என்று ஒருமுறை நாம் கேட்டோம். "அது கோவிலுக்குப் பொருந்தாதே" என்றார் ஒரு பெரியவர். பீடத்து விளக்குகளுக்கெல்லாம் மின்சாரம் கடத்தும் பலகையில், சக்கிரீஸ்து அறைக் கதவுக்குப் பின்னால், அப்போதும் நான்கு ஃபியூஸ் கட்டைகள் இருந்தன.