பெயர் எழுதாத படங்கள்

 

நம் இல்லங்கள் பலவற்றில் மரப்பெட்டியின் அடியிலோ பீரோவின் மேல்தட்டிலோ பழைய புகைப்படங்கள் சில உறங்கிக்கொண்டிருக்கும். துருக்கித் தொப்பி அணிந்து நாற்காலியில் விறைப்பாக அமர்ந்திருக்கும் பெரியவர். அவர் அருகில் நிற்கும் இளைஞர். பின்னால் திரையில் தீட்டிய பூந்தோட்டம். அட்டையின் ஓரத்தில் ரங்கூன், பினாங்கு, கொழும்பு என ஏதேனும் ஓர் ஊரின் ஸ்டூடியோ முத்திரை. 'இவர் யார்?' என்று கேட்டால், 'யாரோ நம் சொந்தக்காரர்தான்' என்பதோடு பதில் நின்றுவிடும். பெயர் சொல்லக்கூடியவர் மௌத்தாகிப் பல ஆண்டுகள் ஆகியிருக்கும்.

மத்ரஸாவில் பிள்ளைகளிடம், 'உங்கள் பாட்டனாரின் தகப்பனார் பெயர் என்ன?' என்று அவ்வப்போது கேட்பதுண்டு. ஒரு சிலரே சொல்வார்கள். மற்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். உறவுகளைப் பேணி நடக்கும் அளவுக்கேனும் வமிசாவழியைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்ற கருத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அருளிய ஹதீஸ் திர்மிதீயில் பதிவாகியுள்ளது. வமிசப் பெருமை பேசுவதற்கன்று. யாருக்கு நாம் கடமைப்பட்டவர்கள் என்பதை அறிவதற்கே அந்தக் கல்வி.

புகைப்படம் கூடுமா என்பதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. 1935இல் மறைந்த எகிப்து முஃப்தி ஷைகு முஹம்மது பகீத் அல்முதீயீ அவர்கள், இது நிழலைப் பிடித்து நிறுத்துவதேயன்றிப் படைப்பதன்று என்று கூறி அனுமதித்தார்கள். வேறு பலர் மறுத்துள்ளனர். அந்த விவாதத்துக்குள் நாம் இப்போது செல்லவில்லை. முன்னோர் எடுத்து வைத்துச் சென்ற படங்கள் ஏற்கெனவே நம் கையில் உள்ளன. அவற்றை என்ன செய்யப் போகிறோம் என்பதே கேள்வி.

இங்கே ஓர் உண்மையைக் கவனியுங்கள். பர்மாவுக்குச் சபுர் சென்ற நம் மக்களில் பலர், ஜப்பானியப் படையெடுப்பின்போது 1942இல் காட்டுவழியே கால்நடையாகத் தாயகம் திரும்பினர். 1964இல் அங்கு கடைகள் தேசியமயமாக்கப்பட்டபோது மேலும் பலர் சொற்ப உடைமைகளோடு கப்பலேறினர். அங்கே வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த படங்கள் பெரும்பாலும் அங்கேயே போயின. 'பிள்ளை வளர்ந்துவிட்டான், பாருங்கள்' என்று தபாலில் ஊருக்கு அனுப்பி வைத்த படங்களே எஞ்சின. தமக்கென்று வைத்துக்கொண்டது அழிந்தது. உறவினரோடு பகிர்ந்தது பிழைத்தது. இன்றைக்கும் இதுவே விதி. ஒரே பிரதியாக ஒரே வீட்டில் பூட்டிக் கிடக்கும் படத்துக்கு ஒரு மழை வெள்ளம் போதும், கறையான் போதும்.

படம் மட்டும் இருந்தால் போதாது. அதன் பின்னுள்ள செய்தியும் வேண்டும். குழந்தையை மடியில் வைத்திருக்கும் பெண்மணி தாயார் என்றே எல்லோரும் எண்ணியிருப்பர். மூத்தவர் ஒருவரிடம் காட்டினால், 'இவர் பக்கத்து வீட்டுக்காரர். தாய்க்கு உடல்நலம் இல்லாதபோது பிள்ளைக்குப் பால் கொடுத்தவர்' என்று சொல்லக்கூடும். பால்குடி உறவு மணவிலக்குக்குரிய உறவு என்பதை நாம் அறிவோம். அந்த ஒரு சொல் மறைந்துபோனால், பின்னால் சம்பந்தம் பேசும்போது எத்தகைய தவறு நேரக்கூடும் என்று எண்ணிப் பாருங்கள்!

விவரம் சொல்வார் இல்லாத படங்களும் முற்றிலும் ஊமையல்ல. முத்திரையில் உள்ள ஊர், எந்தக் கிளையினர் என்பதைக் காட்டும். மலேயா சென்ற நம்மவர் கப்பல் தளத்தில் நின்று எடுத்த படமாயின், அது பெரும்பாலும் 1985க்கு முந்தியது; 'சிதம்பரம்' கப்பல் அவ்வாண்டு பிப்ரவரியில் தீ விபத்துக்குள்ளானபின் சென்னையிலிருந்து பினாங்கு, சிங்கப்பூர் செல்லும் கடற்பயணம் முடிவுற்றது. பாட்டியார் ஒருவரின் ஒரே படம் ஹஜ்ஜுப் பயணத்துக்காக எடுத்ததாக இருக்கலாம். பாஸ்போர்ட் கிடைத்தால் ஆண்டும் கிடைக்கும். திருமணப் படமாயின், மஹல்லா ஜமாஅத்தின் நிக்காஹ் தப்தரில் மணமக்களின் பெயரும் தந்தையர் பெயரும் சாட்சிகளின் பெயரும் நாளும் இருக்கும்.

பாதுகாக்கும் முறையிலும் கவனம் தேவை. பால்பாயின்ட் பேனாவால் பின்புறம் எழுதாதீர்கள். அழுத்தம் முன்புறம் தெரியும், மையும் ஊறும். மென்மையான பென்சிலால் ஓரத்தில் இலேசாக எழுதுங்கள். செலோடேப் ஒட்டாதீர்கள். பசைத்தாள் ஆல்பங்களில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்காமல், இருந்தபடியே பிரதி எடுங்கள். கறுப்பு வெள்ளைப் படங்களைவிட 1970களின் கலர் படங்களே விரைவில் நிறம் மாறிச் செம்மை படியும். ஆதலால் அவற்றை முதலில் பிரதி எடுப்பது நலம்.

இன்று கைப்பேசியில் ஒரு நொடியில் படமெடுத்து நூறு பேருக்கு அனுப்பிவிடலாம். இங்கேதான் எச்சரிக்கை வேண்டும். திரை பேணி வாழ்ந்த ஒரு மூதாட்டி, பயணத்தின் கட்டாயத்துக்காக மட்டும் எடுத்துக்கொண்ட படம் நம்மிடம் இருக்கும் அமானிதம். அவர் இன்று இல்லை என்பதால் அவர் நாணமும் இல்லாமல் போய்விடாது. குடும்பப் பெண்களின் படங்களை வாட்ஸ்அப் குழுக்களில் பரப்பாமல், மக்களுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் மட்டும் பிரதியாகக் கொடுங்கள். உயிரோடிருப்பவர் படமாயின் அவர் சம்மதம் கேளுங்கள்.

இன்னொன்று: சில படங்களில் ஒரு முகம் மட்டும் கத்தரியால் வெட்டப்பட்டிருக்கும். பாகப்பிரிவினையோ வேறு மனக்கசப்போ காரணமாயிருந்திருக்கும். அவர் பெயரையும் எழுதுங்கள். சண்டையை எழுத வேண்டாம். மௌத்தானவர்களின் குறையைக் கிளறுவது நினைவுகூர்தல் ஆகாது. புறம் பேசுதலே ஆகும். வெட்டப்பட்டவரின் மக்கள் இன்று எங்கேனும் இருப்பார்கள். மீதிப் படத்தின் ஒரு பிரதியோடு அவர்கள் வாசலுக்குச் சென்று ஸலாம் சொல்லுங்கள். பேச்சைத் தொடங்க அதைவிட நல்ல காரணம் கிடைப்பது அரிது.

வருகிற வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் வீட்டின் மூத்தவர் அருகில் அமருங்கள். பத்துப் படங்கள் போதும். 'வாப்பும்மா, இது யாரு?' என்று பேரப்பிள்ளை கேட்கட்டும். நீங்கள் பென்சிலோடு இருங்கள். நினைவு தெளிவாக உள்ளபோதே கேட்க வேண்டியது இது. அடுத்த பெருநாளைக்கு என்று ஒத்திப்போட வேண்டாம்.

பிரிந்த உறவுகளை இணைத்து வாழும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.