கண்டிக்கும் முன் காதைச் சோதிப்போம்

மத்ரஸாவில் உஸ்தாத் ஓதித் தருவதைப் பிள்ளை பிழையாகத் திரும்பச் சொன்னால், அது கவனக்குறைவாகவே இருக்க வேண்டுமென்பதில்லை. நடுச்செவியில் நீர் தேங்கினால் பெரும்பாலும் வலியோ காய்ச்சலோ இராது. கேட்கும் திறன் மட்டும் மங்கும்.

விளக்கிட்டுச் செவிப்பறையைப் பார்ப்பது மட்டும் இதற்குப் போதாது. காற்றழுத்தம் கொடுத்து அதன் அசைவைக் கவனித்தால் தெளிவு கூடும். டிம்பனோமெட்ரி அவ்வசைவை வரைகோடாகக் காட்டும். ஆயினும், தட்டையான கோடு நீரால் மட்டுமன்று. குறும்பி அடைப்பாலும் செவிப்பறைத் துளையாலும் வரும். ஆறு மாதத்துக்குட்பட்ட சிசுக்களுக்கு வழக்கமான 226 ஹெர்ட்ஸ் ஒலி பொய்யான ஆறுதலைத் தரலாம். 1000 ஹெர்ட்ஸ் ஒலியே ஏற்றது.

ஆகவே ஒரே சோதனையின் முடிவோடு நாம் நின்றுவிடலாகாது. தேங்கிய நீர் பல பிள்ளைகளுக்கு மூன்று மாதங்களில் தானே வற்றும். வற்றியதா என்று மறுபடி சோதிப்பது அவசியம். திருவண்ணாமலைப் பெற்றோர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை நாடலாம். செவிப்புலன் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். பிள்ளையின் செவிக்கு நாமே பொறுப்பாளர்.