பேரப்பிள்ளை மட்டுமே பாட்டியின் உலகம் அல்ல

பேரனையோ பேத்தியையோ மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் போதும், வயதான பெண்ணுக்கு வேறு எந்தச் சந்தோஷமும் வேண்டியதில்லை என்ற நம்பிக்கை தமிழ்நாட்டில் ஏழை, பணக்காரர் என்ற வேறுபாடின்றி வேரூன்றியிருக்கிறது. திருவள்ளூர் மாவட்டத்தில், அதிலும் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள ஊர்களில், இந்த நம்பிக்கையின் மேல்தான் பல குடும்பங்களின் அன்றாடம் ஓடுகிறது. மகன் இரும்பு உருக்காலையில் இரவு ஷிப்ட் பார்த்துவிட்டு வந்து தூங்குவார். மருமகள் கம்பெனி பஸ் ஏறிப் போய்விடுவார். குழந்தை பாட்டியிடம் இருக்கும். பாட்டிக்கு இது சம்மதமா என்று கேட்பவர் இல்லை. சந்தோஷமாகத்தான் இருப்பார் என்று எல்லோரும் முன்கூட்டியே முடிவு செய்துவிட்டதால் கேட்கத் தோன்றுவதில்லை.

இந்த நம்பிக்கை தவறானது. பாட்டியின் மகிழ்ச்சிக்குக் குடும்பம், தோழிகள், ஊர் என மூன்று இடங்கள் உண்டு. முதலாவதை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் விட்டுவிடச் சொல்வது, அவர் வாழ்வின் பெரும்பகுதியை அவரிடமிருந்து எடுத்துக்கொள்வதாகும்.

குடும்பத்திலிருந்தே தொடங்கலாம். பேரப்பிள்ளையால் வரும் மகிழ்ச்சி உண்மையானது, அதை மறுப்பதற்கில்லை. பிறந்த குழந்தையைக் காலில் கிடத்தி வெந்நீர் ஊற்றிக் குளிப்பாட்டுவது, சாம்பிராணி காட்டுவது, நிலவைக் காட்டிச் சோறூட்டுவது, கதை சொல்வது ஆகியவற்றில் பாட்டிக்கு நிகர் பாட்டியே. ஆனால் அந்த மகிழ்ச்சி எதிலிருந்து வருகிறது என்பதைப் பார்க்க வேண்டும். தாம் சொல்வதற்கு வீட்டில் மதிப்பு இருக்கும்போதும், களைத்தபோது குழந்தையை வேறொருவர் வாங்கிக்கொள்ளும்போதும்தான் அது வருகிறது. காலை ஆறு மணி முதல் இரவு வரை, ஞாயிறும் திருநாளும் இல்லாமல், முட்டிவலியோடு ஓடும் குழந்தையின் பின்னால் ஓடுவது வேலை. கூலி இல்லாத வேலைக்குப் பாசம் என்று பெயர் வைத்தால் களைப்பு குறைந்துவிடாது. 2019ஆம் ஆண்டு தேசியப் புள்ளியியல் அலுவலகம் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், கூலியில்லா வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 299 நிமிடங்களும் ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிடுவதாகத் தெரியவந்தது. ஆயுள் முழுதும் இந்தக் கணக்கில் உழைத்த பெண்ணுக்கு முதுமையிலும் அதே உழைப்பைப் பரிசாகக் கொடுப்பது நியாயமல்ல.

இரண்டாவது, தோழிகள். பாட்டிக்குத் தோழிகள் இருப்பார்கள் என்ற எண்ணமே பல வீடுகளில் எழுவதில்லை. ஆனால் கிராமத்தில் அவருடைய நாளை நிறைப்பவர்கள் பெரும்பாலும் அவர்களே. வாசல் தெளிக்கும்போது எதிர்வீட்டு அக்காவிடம் சொல்லும் இரண்டு வார்த்தை, திண்ணையில் பூக் கட்டிக்கொண்டே பேசும் பேச்சு, ரேஷன் கடை வரிசையில் ஒருவருக்கொருவர் இடம் பிடித்து வைப்பது, ஓஏபி எனும் முதியோர் உதவித்தொகையை வாங்கிய கையோடு சேர்ந்து டீ குடிப்பது என அந்த நட்பு நடக்கிறது. நூறு நாள் வேலை என்று மக்கள் அழைத்த திட்டத்தைப் பலரும் கூலிக் கணக்கில் மட்டுமே பார்த்தார்கள். தமிழ்நாட்டில் அத்திட்டத்தின் வேலை நாட்களில் பத்தில் எட்டுக்கும் மேற்பட்டவை பெண்களுடையவை. அவர்களில் முதிய பெண்கள் ஏராளம். ஏரிக்கரை வேலைக்குப் போன பாட்டிக்குக் கூலியோடு, மர நிழலில் தூக்குச்சட்டியைத் திறந்து குழம்பைப் பங்கிட்டு உண்ணும் கூட்டமும் கிடைத்தது. மகனிடம் கேட்காமல் செலவழிக்கத் தம் கையில் காசு இருப்பதும் ஒரு மகிழ்ச்சிதான்.

இதை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்குபவர்கள் மருத்துவ ஆய்வுகளைப் பார்க்க வேண்டும். அமெரிக்க உளவியலாளர் ஜூலியான் ஹோல்ட்-லன்ஸ்டாடும் உடன் ஆய்வாளர்களும் 148 ஆய்வுகளைத் தொகுத்து 2010இல் வெளியிட்ட முடிவின்படி, வலுவான சமூக உறவுகள் உடையவர்கள் ஆய்வுக் காலத்தில் உயிரோடிருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 50 சதவீதம் கூடுதல். உலக சுகாதார நிறுவனம் 2023இல் சமூகத் தொடர்புக்கென்றே தனி ஆணையம் அமைத்தது. திண்ணைப் பேச்சு உடம்புக்கும் நல்லது என்பது இதிலிருந்து தெளிவாகும்.

மூன்றாவது, ஊர். ஆடி மாதத்தில் தெருவுக்குத் தெரு அம்மன் கோயில்களில் கூழ் வார்க்கும்போது, கேழ்வரகு மாவைப் புளிக்கவைக்கும் பதம், நொய் வேகும் பதம், முருங்கைக்கீரையும் கருவாட்டுக் குழம்பும் எவ்வளவு வேண்டும் என்ற கணக்கு ஆகியவை முதிய பெண்களிடமே இருக்கின்றன. பெரியபாளையம் பவானி அம்மனுக்கு வேப்பிலை கட்டிப் பொங்கலிடப் போகும் குடும்பத்தில் வழிமுறை சொல்பவரும் அவரே. திருவள்ளூர் வீரராகவர் கோயிலுக்கு அமாவாசைக்குப் போவதும், ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலையேறுவதும், திரௌபதி அம்மன் திருவிழாவில் விடிய விடியத் தெருக்கூத்துப் பார்ப்பதும் பக்தியோடு ஊர்க்கூட்டத்தின் மகிழ்ச்சியையும் தருபவை. பழவேற்காட்டில் பனையோலையில் பெட்டி முடையும் பெண்கள் கூடி உட்கார்ந்து வேலை செய்கிறார்கள். கைத்தொழில் அடுத்த தலைமுறைக்குப் போகும் வழி அது. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தபின், கோயிலுக்கும் சந்தைக்கும் உறவினர் வீட்டுக்கும் யாரிடமும் காசு கேட்காமல் போகும் வசதி முதிய பெண்களுக்குக் கிடைத்திருக்கிறது. குழந்தையை யார் பார்ப்பது என்ற கேள்வி வீட்டில் கட்டிப்போட்டால் அந்த வசதியால் பயனில்லை.

இத்தனைக்குப் பிறகும் தவறான நம்பிக்கை நிலைப்பதற்குக் காரணம், அதனால் ஆதாயம் பெறுவோர் பலர் என்பதே. குழந்தையைப் பார்க்கும் செலவு குடும்பத்துக்கு மிச்சமாகிறது. தொழிற்சாலைகளுக்கோ பொறுப்பே மிச்சமாகிறது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், முப்பதுக்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் ஆலையில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. 2017ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டத் திருத்தம், ஐம்பது பேரும் அதற்கு மேலும் பணிபுரியும் நிறுவனங்களுக்கு அதைக் கடமையாக்கியது. சட்டம் முதலாளி மீது வைத்த பொறுப்பை, ஓசையில்லாமல் பாட்டியின் இடுப்பில் ஏற்றிவிட்டோம். மருமகள் வேலைக்குப் போவதில் குற்றமில்லை; அது அவரது உரிமை. அந்த உரிமைக்கான விலையை மாமியாரோ தாயாரோ மட்டும் கொடுக்க வேண்டும் என்பதுதான் குற்றம்.

இதற்கு இரண்டு மறுப்புகள் சொல்லப்படுகின்றன. வயதானவர் வெளியே போனால் விழுந்துவிடுவார் என்பது ஒன்று. அந்தக் கவலை நியாயமானது. அதற்குத் தீர்வு நல்ல நடைபாதை, தாழ்வான படியுள்ள பேருந்து, உட்கார ஒரு மரநிழல் மேடை. கனரக லாரிகள் ஓடும் கும்மிடிப்பூண்டிச் சாலைகளைக் கடக்கப் பாதுகாப்பான வழி செய்யாமல், பாட்டியை வீட்டுக்குள் இருக்கச் சொல்வது தீர்வாகாது. இது நம் மரபு என்பது இன்னொன்று. ஆனால் தமிழர் மனத்தில் நிற்கும் மிகப் பெரிய பாட்டியான ஔவையார் ஊர் ஊராக நடந்தவர். அரசரோடும் மாடு மேய்க்கும் சிறுவனோடும் சரிசமமாகப் பேசியவர். நம் காலத்திலும் தேக்கம்பட்டி பாப்பம்மாள் நூறு வயதைக் கடந்தும் வயலில் இறங்கி உழைத்து 2021இல் பத்மஸ்ரீ பெற்றார். மதுரை மாவட்டத்துச் சின்னப்பிள்ளை களஞ்சியம் இயக்கத்தின் வழியாகப் பெண்களைத் திரட்டி 2019இல் அதே விருதைப் பெற்றார். மரபு முதிய பெண்ணை வீட்டோடு நிறுத்தவில்லை. நம் வசதி நிறுத்தியது.

2021ஆம் ஆண்டுக் கணிப்பின்படி தமிழ்நாட்டு மக்களில் 13.6 சதவீதத்தினர் அறுபது வயதைக் கடந்தவர்கள்; பெரிய மாநிலங்களில் கேரளத்துக்கு அடுத்த நிலை இது. எனவே இது சில வீடுகளின் தனிப்பட்ட விவகாரமல்ல. சிப்காட் வளாகங்களில் காப்பகங்கள் சட்டப்படி இயங்குகின்றனவா என்று தொழிலாளர் துறை பார்க்க வேண்டும். முதியோருக்கெனத் தனிச் சுயஉதவிக் குழுக்கள் அமைக்கத் தேசிய ஊரக வாழ்வாதாரத் திட்டத்தில் இடமிருக்கிறது. ஊராட்சிகள் அதைப் பயன்படுத்த வேண்டும். வீட்டிலோ, வாரத்தில் சில நாட்களாவது பாட்டியின் நேரம் பாட்டிக்கே என்று விட வேண்டும். அந்த நேரத்தில் அவர் எங்கே போகிறார், யாரோடு பேசுகிறார் என்று கணக்குக் கேட்கவும் கூடாது. பாட்டிக்கு என்ன வேண்டும் என்பதை அவரிடமே கேளுங்கள். அவர் சொல்வதைச் செய்யுங்கள்.