சுகாவுக்கு இடம் கொடுக்காதவர்கள்

முதல் உலகப் போருக்கு என்ன காரணம் என்று பள்ளிக்கூடத்தில் கேட்டால் 1914 ஜூன் 28, சரயேவோ, ஆஸ்திரிய இளவரசர் கொலை என்று எழுதி மதிப்பெண் வாங்கிவிடலாம். கொஞ்சம் விவரமான வாத்தியாராக இருந்தால் காலனிகளுக்கான போட்டி, சந்தை, ஆயுதக் குவிப்பு என்று சேர்த்துச் சொல்வார். தப்பில்லை. ஆனால் அந்தப் போரில் மலம் அள்ளியது யார், பிணம் தூக்கியது யார், செத்தபிறகு அவனை எங்கே போட்டார்கள் என்று எந்த வினாத்தாளும் கேட்பதில்லை. முற்போக்கு மேடைகளில் வேறொரு கதை ஓடுகிறது. போர் சாதியை உடைத்ததாம். பதுங்குகுழிக்குள்ள சாதி ஏதுன்னு கேட்கிறார்கள். இருந்தது ஐயா. புதைகுழி வரைக்கும் கூடவே வந்தது.

சுகா என்று ஒருவர். பரேலி நகரத்துக்காரர், துப்புரவுத் தொழிலாளி. பிரான்சில் அடிபட்ட இந்தியச் சிப்பாய்களுக்காக இங்கிலாந்தில் பிராக்கன்ஹர்ஸ்ட் என்ற கிராமத்தில் நடந்த லேடி ஹார்டிங் மருத்துவமனையில் வேலை பார்த்தார். 1915 ஜனவரி 12ஆம் தேதி நிமோனியாவில் செத்துப்போனார். வயது 30. அவரை எரிக்க இந்துக்கள் ஒப்பவில்லை, தீண்டத்தகாதவன் என்று. முஸ்லிம்களின் இடுகாட்டிலும் இடம் கிடைக்கவில்லை, அவர் முஸ்லிம் இல்லை என்று. கடைசியில் ஊர்ப் பாதிரியார் தன் கோயில் தோட்டத்தில் இடம் விட்டார். காசு போட்டுக் கல் நட்டவர்களும் அந்த ஊர் வெள்ளைக்காரர்கள்தான். கடல் தாண்டினால் சாதி கெட்டுவிடும் என்றார்களே, எங்கே கெட்டது? கப்பலேறிப் போய் ஆஸ்பத்திரி வாசலில் நின்று பிணத்துக்குத் தீட்டுப் பார்த்தது.

தமிழ் எம்.ஏ.வில் நடுகல் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவன் நான். விழுந்த வீரனுக்குக் கல் நட்டுப் பேர் பொறித்த இனம் என்று மார்தட்டும் பேராசிரியர்கள், அதே போருக்குப் பறை முழக்கியவனுக்கு எந்தக் கல் என்று ஒரு வகுப்பிலும் சொன்னதில்லை.

இந்தியாவிலிருந்து அந்தப் போருக்குப் போனவர்களில் லட்சக்கணக்கானோர் துப்பாக்கி ஏந்தாதவர்கள். தோட்டி, தண்ணீர் சுமப்பவர், துணி வெளுப்பவர், டோலி தூக்குபவர், கோவேறு கழுதை ஓட்டுபவர், மண் வெட்டும் கூலி. ராணுவக் கணக்கில் இவர்களுக்குப் பேர் 'ஃபாலோயர்'. சேரியில் பிறப்பால் சுமத்திய வேலையை அங்கே உத்தியோகப் பட்டியலாக எழுதிக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

துப்பாக்கி பிடித்தவன் கதை மட்டும் என்ன? கம்பெனிக் காலத்தில் மகர்களையும் பறையர்களையும் படையில் சேர்த்துச் சண்டை போட்டான் வெள்ளைக்காரன். 1857க்குப் பிறகு 'வீர இனம்' என்று ஒரு கோட்பாட்டைக் கண்டுபிடித்தான். நாம வீர இனம் இல்லையாம். 1890களில் மகர்களுக்குக் கதவைச் சாத்தினான். 1910இல் சிவராம் ஜன்பா காம்ப்ளே மனுப் போட்டார், திறக்கவில்லை. ஆள் பற்றாக்குறை வந்ததும் 1917இல் மகர் படை எழும்பியது. போர் முடிந்தது, 1921இல் கலைத்தார்கள். 1943இல் சமார் ரெஜிமென்ட் எழுப்பினார்கள். கோஹிமாவில் ஜப்பானியரோடு மோதிய படை அது. 1946இல் அதையும் கலைத்தார்கள். சாகிறதுக்கு ஆள் வேணும்னா வீரன், சம்பளம் கேட்டா தீண்டத்தகாதவன்.

வெள்ளைக்காரனுக்குச் சண்டை போட்ட துரோகிகள் என்று நம்மைப் பார்த்துச் சொல்லும் தேசபக்தர்களிடம் ஒன்று கேட்கிறேன். யுத்த நிதி கொடுத்து ராவ் பகதூர் பட்டம் வாங்கிய மிராசுதாரை யாராவது துரோகி என்றீர்களா? பஞ்சாபில் ஆள் பிடித்துக் கொடுத்தவர்களுக்கும் போரிலிருந்து திரும்பியவர்களுக்கும் கால்வாய்ப் பாசன நிலம் கொடுத்தார்கள். அங்கே 1900ஆம் ஆண்டுச் சட்டம் 'விவசாயச் சாதி' என்று ஒரு பட்டியல் வைத்திருந்தது. சில விதிவிலக்கு தவிர, தலித்துகள் அதற்கு வெளியே. அந்தச் சட்டம் சுதந்திரத்துக்குப் பிறகுதான் போனது. இன்றைக்குப் பஞ்சாபில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக இருக்கும் தலித்துகளின் கையில் நிலம் மிகச் சொற்பம். உலகப் போரின் நீடித்த விளைவு என்று இதை எந்தச் சரித்திரப் புத்தகமும் எழுதுவதில்லை. எனக்கு இதுதான் விளைவு.

சமார் ரெஜிமென்ட் திரும்ப வேண்டும் என்ற குரல்களும் கேட்கின்றன. ராணுவச் சம்பளமும் ராணுவப் பள்ளிக்கூடமும் இல்லாவிட்டால் சுபேதார் ராம்ஜியின் வீட்டில் எழுத்து நுழைந்திருக்குமா என்று யோசிக்கிறபோது அந்தக் கோரிக்கையைக் கேலிசெய்ய எனக்கு வாய் வரவில்லை. ஆனாலும் சாதிக்கொரு படை என்ற ஏற்பாட்டையே கலைக்கச் சொல்ல வேண்டியவர்கள் நாம்.

அடுத்த போருக்கு வருகிறேன். டயருக்குப் பால் வேண்டும் என்று வெள்ளைக்காரன் நம் ஜனங்களை மலேயாக் காட்டில் கொண்டுபோய் விட்டான். அந்த ரப்பரும் வெள்ளீயமும் பக்கத்துத் தீவுகளின் எண்ணெயும் வேண்டும் என்றுதான் ஜப்பான்காரன் வந்தான். 1942-43இல் சயாமுக்கும் பர்மாவுக்கும் நடுவே 415 கிலோமீட்டர் ரயில்பாதை போட்டான். வேலைக்கு நிறுத்திய நேச நாட்டுப் போர்க்கைதிகள் சுமார் 60,000. செத்தவர்கள் 12,000க்கு மேல். ஆசியக் கூலிகள் சுமார் 2 லட்சம். செத்தவர்கள் 90,000 என்கிறார்கள், அதற்கு மேல் என்போரும் உண்டு. அதில் மலேயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் பல்லாயிரம். கங்காணி சேரிசேரியாகத் திரட்டிக்கொண்டு போன குடும்பங்களின் பிள்ளைகள் அதில் கணிசம். காலரா வந்தால் கூட்டம் கூட்டமாகச் செத்தார்கள். கைதிகள் கூட்டத்திலாவது ராணுவ டாக்டர்கள் இருந்தார்கள். நம்ம ஆளுக்கு யாரு இருந்தா?

காஞ்சனபுரியில் போர்க்கைதிகளுக்கு ஏறக்குறைய 7,000 கல்லறைகள், புல் வெட்டி, பூச்செடி வைத்துப் பராமரிக்கிறார்கள். அந்தப் பாலத்தை வைத்து 1957இல் எடுத்த படம் ஆஸ்கர்களை அள்ளியது. தமிழன் அதில் கதையாகவே இல்லை.

காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் 2021இல் ஒரு அறிக்கை வெளியிட்டு மன்னிப்புக் கேட்டது. முதல் உலகப் போரில் செத்த ஆப்பிரிக்க, ஆசிய, அரபுப் படையாட்களில் குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பேர் பொறிக்கப்படாமலோ நினைவுகூரப்படாமலோ விடப்பட்டார்கள் என்று ஒத்துக்கொண்டது. நூறு வருஷம் கழித்தாவது அவர்கள் ஒத்துக்கொண்டார்கள். சுகாவை எரிக்க மாட்டேன் என்றவர்கள் தரப்பிலிருந்து இதுவரை எவரும் வாய் திறக்கவில்லை.

சயாம் போனவர்களின் பேர் கிடைக்காது என்கிறார்கள். தோட்டத்தில் தினமும் விடியலில் பிரட்டுக் களத்தில் நிறுத்திப் பேர் சொல்லிக் கூப்பிட்டுத்தான் நிரைக்கு அனுப்பினார்கள். அப்ப மட்டும் பேர் தெரிஞ்சிருந்துச்சு.