சைகோனில் மிச்சம் பிடித்த முந்நூறு ரூபாய்

சென்ற வாரம் மாலை நடைப்பயிற்சியின்போது ஒரு காட்சி. நம் கடற்கரைச் சாலையில் காந்தி சிலைக்குப் பக்கத்தில், முதுகில் பெரிய மூட்டை சுமந்த ஒரு வெள்ளைக்கார இளைஞனும் பெண்ணும் பாசிமாலை விற்கும் கிழவியிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். கிழவி 200 சொன்னாள். அவர்கள் 100 என்று விரலைக் காட்டினார்கள். கால் மணி நேரம் நடந்தது. கடைசியில் 120-க்கு முடிந்தது. இருவரும் சிரித்துக்கொண்டே போனார்கள்.

என்னோடு நடந்துவந்த நண்பருக்குக் கோபம் தாங்கவில்லை. "ஆயிரம் ஆயிரமா டிக்கெட்டு போட்டு வரானுங்க. அந்தக் கெழவிகிட்ட எண்பது ரூபாய்க்கு மல்லுக்கட்டறானுங்க பாரு, வெட்கமில்லாம!" என்றார். நானும் தலையாட்டினேன்.

பத்து நிமிடம் கழித்துச் சுவரில் உட்கார்ந்தோம். நண்பர் சமீபத்தில் போய்வந்த வியட்நாம் சுற்றுலாவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். சைகோனின் பென் தான் சந்தையில் ஒரு சால்வை. கடைக்காரப் பெண் ஒன்றரை லட்சம் டோங் சொன்னாளாம். இவர் அறுபதாயிரத்துக்கு மேல் ஒரு காசு தரமுடியாது என்று எழுந்து நடந்தாராம். அவள் பின்னாலேயே ஓடிவந்து கொடுத்தாளாம். "விடுவேனா நானு!" என்று தொடையைத் தட்டினார்.

ஒரு ரூபாய்க்குச் சுமார் 300 டோங். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐந்நூறு ரூபாய்ச் சால்வை, இருநூறு ரூபாய்க்கு. மிச்சம் முந்நூறு ரூபாய்.

"அந்த வெள்ளைக்காரன் எண்பது ரூபாய்தானே மிச்சம் பிடித்தான்?" என்று கேட்டுவிட்டேன். அன்றிலிருந்து நண்பர் நடைப்பயிற்சிக்கு வருவதில்லை. ஆகவே மீதியை இங்கே எழுதுகிறேன். இது அவரைப் பற்றி மட்டும் அல்ல. நம்மில் பலரைப் பற்றியது. என்னைப் பற்றியதும்கூட.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். குறைந்த செலவில் ஊர் சுற்றுவதற்கு நான் எதிரி அல்ல. பென்ஷன்காரன் வேறு எப்படிச் சுற்றுவான்? இரண்டு வருடத்துக்கு முன் நானும் என் மனைவியும் அதே வியட்நாமில் 17 நாள் இருந்தோம். விமானக் கட்டணமும் விசாவும் நீங்கலாக இருவருக்கும் சேர்த்து ஐம்பதாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. விசாவை வீட்டிலிருந்தே கணினியில் வாங்கினேன், தலைக்கு 25 டாலர். சைகோனில் இறங்கியதும் டாக்ஸி எடுக்கவில்லை, 152-ஆம் எண் நகரப் பேருந்தில் ஏறினோம். தங்கியது நட்சத்திர ஓட்டலில் அல்ல. அங்கே தெருவுக்கு நான்கு சின்ன விடுதிகள் இருக்கின்றன. அவற்றின் பெயருக்கே 'இளைப்பாறும் வீடு' என்றுதான் பொருள். நாளுக்கு ஆயிரம் ரூபாய்க்குச் சுத்தமான அறை.

சாப்பாட்டுக்கும் கவலை இல்லை. 'கொம் பிங் ஸான்' என்று பலகை தொங்கும் கடைகள் எல்லா ஊரிலும் உண்டு. பொதுமக்கள் சோறு என்று அர்த்தம். கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் இருப்பதை விரலால் காட்டினால் சோற்றின் மேல் வைத்துத் தருவார்கள். மரக்கறிக்காரர்கள் 'கொம் சாய்' என்ற பலகையைத் தேடுங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் அந்த ஊர்க்காரர்களிலும் நிறையப் பேர் கறி மீன் தொடுவதில்லை. என் மனைவிக்கு அது தெரிந்ததும் பாதி பயம் போய்விட்டது.

நம்மைப் போல் பிரெஞ்சில் படித்தவர்களுக்கு இன்னொரு வேடிக்கை. ரயில் நிலையத்தை அவர்கள் 'கா' என்கிறார்கள், நம் 'கார்' தான். சோப்புக்கு 'சா ஃபோங்', நம் 'சவோன்'. பெட்டிக்கு 'வா லி'. பள்ளிச் சுவரில் தொங்கிய பழைய வரைபடத்தில் கொஷன்ஷீன், அனாம், தொன்கேன் என்று வாத்தியார் குச்சியால் தட்டிக் காட்டிய இடத்தில் நின்றுகொண்டு, அந்தச் சொற்களைச் சந்தைக்காரி வாயிலிருந்து கேட்பது ஒரு தனி சுகம்.

சுற்றுலாக் கம்பெனிகள் இதையெல்லாம் காட்டுவதில்லை. 'ஐந்து நாள் நான்கு இரவு' என்று ஏசி பேருந்தில் அடைத்து, ஃபூ குவோக் தீவுக்குப் பறந்து, கிட்டத்தட்ட எட்டுக் கிலோமீட்டர் நீளமுள்ள கம்பிவட ஊர்தியில் ஏற்றி இறக்கி, இரவு சப்பாத்தியும் பன்னீரும் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். அந்தத் தீவு மிளகுக்கும் மீன் சாறான நுவோக் மாமுக்கும் பேர்போனது. மீன் சாறு ஊறும் பெரிய மரப்பீப்பாய்களைப் பார்க்காமல், அதன் வாடையைக்கூட முகராமல் திரும்பி வந்தவர்களை எனக்குத் தெரியும்.

ஆனால் இந்தப் பதிவில் என் சண்டை கம்பெனிகளோடு அல்ல. செலவைக் குறைப்பதில் இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, நம் வசதியைக் குறைத்துக்கொள்வது. ஏசி வேண்டாம், டாக்ஸி வேண்டாம், இரவுப் பேருந்தில் போவோம், ஒரே பையோடு போவோம் என்பது. இதற்குப் பெயர் சிக்கனம். இன்னொன்று, எதிரே நிற்பவனின் கூலியைக் குறைப்பது. இதற்குத் தமிழில் வேறு பெயர் இருக்கிறது. நாம் இரண்டையும் ஒரே பையில் போட்டு, ஊருக்கு வந்து பெருமையாகக் கொட்டிக் காட்டுகிறோம்.

இன்னொன்றும் கவனியுங்கள். விமான நிலையத்தில் ஒரு காப்பிக்கு முந்நூறு ரூபாய் கேட்டால் வாயைத் திறக்காமல் கொடுத்துவிட்டு, தம்ளரைத் தூக்கிக்கொண்டு போகிறோம். கம்பிவட ஊர்திக்கு டிக்கெட் வாங்கும் இடத்தில் யாரும் "கொஞ்சம் பார்த்துப் போடும்மா" என்று கேட்பதில்லை. கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து விற்பவனிடம் நமக்குப் பேச்சு வராது. தரையில் உட்கார்ந்து விற்பவளிடம்தான் நம் வீரமெல்லாம்.

இனி என் கதை.

சைகோனிலிருந்து பேருந்தில் நான்கு மணி நேரம் போனால் மெகாங் ஆற்றுக் கழிமுகத்தில் கான் தோ என்ற நகரம். விடியற்காலையில் காய் ராங் மிதக்கும் சந்தையைப் பார்க்கப் போக வேண்டும். சந்தையில் ஒவ்வொரு படகும் ஒரு மூங்கில் கழியில் தான் விற்கும் காயைக் கட்டித் தொங்கவிட்டிருக்கும். பூசணி விற்பவர் பூசணி, அன்னாசி விற்பவர் அன்னாசி. முதல் நாள் மாலையே படித்துறையில் ஒரு படகுக்காரியிடம் பேசினேன். அறுபது வயதிருக்கும். இரண்டரை லட்சம் டோங் எழுதிக் காட்டினாள். நான் ஒன்று என்று எழுதினேன். கடைசியில் ஒன்றரைக்கு இறக்கிவிட்டேன். அறைக்கு வந்து நோட்டுப் புத்தகத்தில் 'படகு: மிச்சம் 1,00,000' என்று எழுதிக்கொண்டேன். முப்பது வருடம் குமாஸ்தாவாக இருந்தவன் கை. மிச்சத்தை எழுதாமல் இருக்காது.

மறுநாள் சந்தையைப் பார்த்துத் திரும்பும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. அந்த ஊர் மழை உங்களுக்குத் தெரியாது, வாளியைக் கவிழ்த்தது போல் விழும். அவள் படகில் ஒரே ஒரு பிளாஸ்டிக் விரிப்பு இருந்தது. அதை எடுத்து எங்கள் இருவர் மேலும் போர்த்தினாள். தன் தலையில் இருந்த கூம்புத் தொப்பியை என் மனைவி தலையில் வைத்தாள். பின்பு ஒரு மணி நேரம் நின்றபடியே துடுப்புப் போட்டாள். உடம்பெல்லாம் நனைந்து, முடி முகத்தில் ஒட்டிக்கொண்டு.

என் மனைவி திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள்: "என்னங்க, மழைக்கும் சேர்த்துத்தான் பேரம் பேசினீங்களா?"

கரை இறங்கியதும் ஒன்றரை லட்சத்தைக் கொடுத்தேன். அந்த இன்னொரு லட்சத்துக்காகக் கை சட்டைப்பைக்குள் போனது உண்மை. அது வெறுங்கையாகவே திரும்பி வந்ததும் உண்மை. 'பேசியது பேசியதுதானே' என்று மனசுக்குள் ஒரு குமாஸ்தா சொன்னான். அவள் நோட்டுகளை எண்ணி, கும்பிட்டுவிட்டு, படகில் நின்ற தண்ணீரை இறைக்கக் குனிந்துவிட்டாள். இராத்திரிச் சாப்பாடு வரைக்கும் மனைவி என்னோடு பேசவில்லை.

அன்று இரவு எனக்கு எங்கள் சின்னத்தாத்தா ஞாபகம் வந்தார். நம் ஊர் வாசகர்களுக்குச் 'சைகோன் வீடு' என்றால் விளக்க வேண்டாம். சொல்தாக்களாகவும் குமாஸ்தாக்களாகவும் காவலர்களாகவும் நம்மவர்கள் கப்பலேறிப் போன ஊர். வட்டிக்கடை வைத்த செட்டியார்கள் கட்டிய கோயில் இன்றும் அங்கே இருக்கிறது. மாரியம்மன் கோயிலில் இன்று ஊதுவத்தி ஏற்றிக் கும்பிடுகிறவர்கள் பெரும்பாலும் வியட்நாமியர்கள்தான். அந்த நாளில் சந்தைக் குத்தகை எடுத்த நம்மூர்க்காரர்களும் உண்டு. அப்படி ஒருவரிடம் சின்னத்தாத்தா வசூல் ஆளாக இருந்தார். கூடை கொண்டுவந்து தரையில் உட்காரும் பெண்களிடம் தினப்படி காசு வாங்குவது வேலை. "இன்னைக்கு விக்கலைன்னு அழுவாளுங்க. கூடையில கையை வைச்சாத்தான் காசு வெளிய வரும்" என்று திண்ணையில் உட்கார்ந்து சொல்லிச் சிரிப்பார். பிள்ளைகள் நாங்களும் சிரிப்போம். அவர் கெட்டவர் அல்ல. அவர் அனுப்பிய பணத்தில்தான் என் அப்பா படித்தார். ஆகவே என் பிரெஞ்சுப் படிப்பிலும் அந்தக் கூடைகளின் காசு கொஞ்சம் இருக்கிறது.

எழுபது வருடம் கழித்து அதே நாட்டில் அதே கையைத்தான் நானும் கூடைக்குள் விட்டிருக்கிறேன். அவருக்காவது அது சம்பளத்துக்குச் செய்த வேலை. எனக்குப் பொழுதுபோக்கு.

"அவர்கள் வெளிநாட்டுக்காரன் என்று தெரிந்து விலையைக் கூட்டித்தானே சொல்கிறார்கள்?" என்று கேட்பீர்கள். கூட்டித்தான் சொல்கிறார்கள். ஏமாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். மீட்டர் தாறுமாறாக ஓடும் டாக்ஸியில் நானும் ஒரு தடவை மாட்டியிருக்கிறேன். ஆனால் தாஜ்மகால் வாசலில் நமக்கு 50 ரூபாய், வெளிநாட்டுக்காரருக்கு 1,100 ரூபாய் என்று அரசாங்கமே பலகை எழுதி வைத்திருக்கிறது. அது நியாயம் என்றுதானே இருக்கிறோம்? தூரத்திலிருந்து வந்தவன், முடிந்தவன், கொஞ்சம் கூடக் கொடுக்கட்டும் என்கிறோம். சைகோனில் நாம்தான் அந்தத் தூரத்திலிருந்து வந்தவன்.

"பேரம் பேசுவது அங்கே வழக்கம், பேசாவிட்டால் அவர்களே மதிக்கமாட்டார்கள்" என்பார்கள் சிலர். வழக்கம்தான். நானும் பேசாமல் இருக்கச் சொல்லவில்லை. ஒரு தடவை கேளுங்கள். சிரித்துக்கொண்டே இன்னொரு தடவை கேளுங்கள். அதற்குமேல் எழுந்து நடப்பதும், அவளைப் பின்னால் ஓடிவர வைப்பதும் வழக்கம் இல்லை, விளையாட்டு. ஒருவர் மட்டும் ஆடும் விளையாட்டு. அன்று ஏதாவது விற்றாக வேண்டும் என்ற கட்டாயம் அவளுக்குத்தான், நமக்கு இல்லை.

சிக்கனம் என்றால் என்ன என்று எனக்குக் காட்டியவர்களும் அந்த நாட்டுக்காரர்கள்தான். கான் தோவுக்குப் பிறகு டிரான் தே துறைமுகத்தில் படகேறிக் கோன் டாவ் தீவுக்குப் போனோம். நம் பழைய பூகோளப் புத்தகத்தில் புலோ கொந்தோர் என்று ஒரு புள்ளியாக இருந்த தீவு. அங்கே பிரெஞ்சுக்காரர் 1862-இல் தொடங்கிய சிறை 1975 வரை இருந்தது என்று எந்த வாத்தியாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. எங்களோடு படகில் வந்தவர்கள் பெரும்பாலும் அந்த ஊர் ஏழைபாழைகள். வீட்டிலிருந்து சோறு கட்டி வந்து படகிலேயே சாப்பிட்டார்கள். எங்கள் விடுதியில் ஒரே அறையில் ஆறு பேர் பாய் விரித்துப் படுத்தார்கள். ஆனால் இராத்திரி பத்து மணிக்குமேல் அத்தனை பேரும் குளித்து, நல்ல உடை உடுத்தி, கைநிறையப் பூவும் பழமும் எடுத்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் புறப்பட்டார்கள்.

அங்கே வோ தி சாவ் என்ற பெண்ணின் கல்லறை இருக்கிறது. 1952-இல் பிரெஞ்சுக்காரர் அந்தத் தீவில் சுட்டுக் கொன்றபோது அவளுக்கு இருபது வயதுகூட நிரம்பவில்லை. கல்லறை முழுக்கச் சீப்பும் கண்ணாடியும் வெள்ளைப் பூவும் குவிந்திருந்தன. இளம்பெண் அல்லவா, தலை சீவிக்கொள்ளட்டும் என்று கொண்டுவந்து வைக்கிறார்கள். தனக்கு ஒரு கட்டில்கூட வேண்டாம் என்று மிச்சம் பிடித்த காசு அங்கே போகிறது. வேளாங்கண்ணிக்கு நடந்துபோகும் நம் ஜனங்களும் இப்படித்தானே?

ஆகவே, போய்வாருங்கள். மலிவாகவே போய்வாருங்கள். விமான டிக்கெட்டில் மிச்சம் பிடியுங்கள், அறையில் மிச்சம் பிடியுங்கள், வாங்கி அடுக்கும் சாமான்களில் மிச்சம் பிடியுங்கள். துடுப்புப் போடுகிறவளிடமும் மூட்டை தூக்குகிறவனிடமும் தெருவில் சோறு ஆக்கிப் போடுகிறவளிடமும் பிடிக்காதீர்கள்.

என் நோட்டுப் புத்தகத்தில் அந்த வரி இன்னும் அப்படியே இருக்கிறது. அடிக்கவில்லை. 'மிச்சம்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் 'பாக்கி' என்று மட்டும் எழுதி வைத்திருக்கிறேன். கணக்குத் தெரிந்தவர்களுக்கு இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் புரியும்.

நண்பரே, நீங்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். நாளை மாலை ஐந்தரைக்கு வழக்கமான இடத்தில் இருப்பேன். சுண்டல் என் செலவு. பையன் என்ன விலை சொன்னாலும் கொடுத்துவிடுவோம்.